பந்தயத்தில் ஜெயித்த பால் குளிரூட்டி

என் மாட்டுக்கொட்டகையின் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டுவேன் என்று நான் சபதம் போட்டதற்குக் காரணம் நாட்டுப்பற்று இல்லை. தூக்கம்.

எங்களிடம் பதினெட்டு மாடுகள். சாயந்தரக் கறவை மனைவியுடையது. விடிகாலை நாலு மணிக் கறவை என்னுடையது. இந்தப் பங்கீடு எப்போது நடந்தது, என்னை யார் கேட்டார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

"வீட்டு மீட்டர் உனக்கு, கொட்டகை மீட்டர் எனக்கு. ஒரு மாசம். யார் அதிகமா மிச்சம் பிடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்க ஒரு வருஷம் விடிகாலை கறக்கணும்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

இருபது வருஷத்தில் அவள் வாக்குவாதம் இல்லாமல் சொன்ன முதல் சரி. நான்தான் அசடு, சந்தோஷப்பட்டேன்.

அவள் ஃபேனை நிறுத்தினாள், ஃப்ரிட்ஜின் முதுகைத் துடைத்தாள். பாவம். நான் ஒரே ஒரு வேலைதான் செய்தேன். கொட்டகையில் கரண்டை விழுங்குவது பால் குளிரூட்டி. அதன் வயரைப் பிடுங்கி, வீட்டு ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, வீட்டு ப்ளக்கில் சொருகிவிட்டேன். வயர் மேல் ஒரு தீவன மூட்டை. மூளை என்றால் இதுதான்.

மாசக் கடைசியில், பண்ணைகளுக்கு மின்சிக்கனம் சொல்லித்தரும் அதிகாரியம்மா வந்து மீட்டர்களைப் பார்த்தார். வீடு ஏறியிருந்தது. கொட்டகை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"எப்படி சார் செஞ்சீங்க?"

"எல்லாம் ஒரு கட்டுப்பாடுதான்."

"விளக்கமா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மனைவி குறுக்கே வந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? ஸ்டோர் ரூம் ஜன்னல்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"

நான் முந்திக்கொண்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நேரம்தாங்க மேடம். எல்லாரும் நாலு மணிக்குக் கறப்பாங்க. நான் மூணு மணிக்கே கறந்துடுவேன். அந்தக் குளிர்ல குளிரூட்டிக்கு வேலையே இருக்காது."

"நானே கறப்பேன்னு சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தாள் தர்மபத்தினி.

"நானே கறப்பேன்" என்றேன்.

அதிகாரியம்மா நெகிழ்ந்துபோனார். "இப்படி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தேன். நாளையிலேர்ந்து பத்துப் பத்துப் பேரா பண்ணைக்காரங்க வருவாங்க. நீங்க கறக்கறதை நேர்ல பார்க்கட்டும். ஒரு வருஷத்துக்கு ஏற்பாடு பண்றேன்."

"இல்ல மேடம், பந்தயப்படி நாளையிலேர்ந்து இவதான்..."

"நான் கறந்தா அந்த ஒழுங்கு வராதுங்க" என்றாள் மனைவி, அடக்கமே உருவாக.

அதிகாரியம்மாவின் வண்டி தெருமுனை திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன். "ஜெயிச்சது யாரு? நானா, நீயா?"

"நீங்கதான். அதுல என்ன சந்தேகம்?" என்றாள். "மூணு மணிக்கு எழுந்து போறப்ப ரூம் லைட்டை மட்டும் போடாதீங்க. கரண்டும் மிச்சம், என் தூக்கமும் கெடாது."