முடிவு பிரமாதம்

புத்தகம் படிக்கிறவர்கள் உண்டு. படிக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், இரு தரப்பிலும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு நடமாடும் மூன்றாவது இனம் ஒன்றை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்: படிக்கச் சொல்கிறவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பஸ்ஸுக்கு நிற்பீர்கள். மருந்துக் கடையில் சீட்டை நீட்டிவிட்டு நிற்பீர்கள். துக்க வீட்டில் உட்கார நாற்காலி கிடைக்காமல் நிற்பீர்கள். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "இப்ப என்ன படிச்சிக்கிட்டு இருக்கிய?" என்பார். நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் முகத்தில் அனுதாபம் படரும். "அது கெடக்கட்டும். இதைப் படிச்சியளா?" படிக்கவில்லை என்றால் நீங்கள் இத்தனை வருஷம் சாப்பிட்ட சோற்றைப் பற்றியே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். படித்துவிட்டேன் என்றால்? உடனே அவருக்கு ஓர் அவசர வேலை ஞாபகம் வரும்.

இவருடைய சொல்வளம் சிறியது, ஆனால் உறுதியானது. நடை அருமை. ஆழம் ஜாஸ்தி. முதல் அம்பது பக்கம் பொறுத்துக்கணும். நான் சொன்னா சுவை போயிரும். எல்லாவற்றுக்கும் சிகரமாக, முடிவு பிரமாதம். இதே ஐந்தையும் நான் பிழைக்க வந்த இந்தத் தூர தேசத்தில் ஆங்கிலத்திலும் கேட்டுவிட்டேன். இரண்டு மொழியில் என்னைப் படிக்க வைத்ததால் கண்ட பலன், இரண்டு மொழியிலும் இவரிடம் மாட்டிக்கொள்வதுதான். ஆனாலும் அசல் சரக்கு என்றால் அது சங்கரன்கோவில் அய்யாத்துரை அண்ணாச்சிதான். ஊரில் யாரும் எனக்கு இதற்காகக் கடிதம் எழுதிவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் அவர் பெயரை எழுதுகிறேன்.

அண்ணாச்சிக்கு ஜவுளிக்கடை. வாசகர் வட்டத்தின் தலைவர் பதவியும் அவருக்குத்தான். வாராவாரம் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பின்னை நெம்பி உருவி, சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் அச்சாபீஸ் துரைப்பாண்டியிடம் பைண்டு செய்து வாங்குவது அந்தக் காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் இருந்த வழக்கம். அண்ணாச்சியிடம் அப்படிக் கட்டிய தொகுப்பு ஒன்று இருந்தது. பெயர் 'மரகதத்தின் மூன்றாவது கடிதம்'. சிவப்புக் காலிகோ துணி அட்டை. புருஷனை இழந்த மரகதத்துக்கு மூன்று கடிதங்கள் வருகின்றன. மூன்றாவதை அவள் பிரிக்காமலே வைத்திருக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்பதுதான் கதை. அட்டையின் உள்பக்கம் ஒட்டிய சீட்டில், வாங்கிப் போனவர்களின் பெயர் முப்பத்தொன்று. மூன்று வருஷத்தில் முப்பத்தொரு பேரும் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னது ஒன்றே: முடிவு பிரமாதம்.

முப்பத்திரண்டாவது ஆள் ஞானபூரணம் டீச்சர்.

1979ஆம் வருஷம். வாசகர் வட்டத்தில் அதுவரை ஆண்கள் மட்டுமே பேசியிருந்தார்கள். ஒரு பெண்ணையும் பேசவிட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது; நன்றாகப் பேசினால் மாதாமாதம் ஒரு பெண், சொதப்பினால் பழையபடியே. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் அண்ணாச்சி. டீச்சரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. புத்தகத்தைக் கொடுத்தால் படித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரிக்கு வந்தார். மரகதம் உறையைக் கிழித்தாள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'தொடரும்'. அதற்கு அடுத்து அட்டை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் நேரே ஜவுளிக்கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, அந்த மூணாவது கடுதாசில என்னதான் இருந்துச்சு?"

அண்ணாச்சி சேலை மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் சொல்லிட்டா சுவை போயிரும்லா டீச்சர்?"

"கடைசிப் பக்கத்தக் காணோம் அண்ணாச்சி."

"எங்கன போவும்? நல்லாத் தேடிப் பாருங்க. பிரமாதமான முடிவாச்சே!"

அடுத்து, சீட்டில் நான்காவது பெயரான சண்முகையா. தாலுகா முழுக்க இந்தக் கதையைப் பரப்பியவர்.

"கடுதாசியா? வெறுந்தாளு டீச்சர். உள்ள ஒரு எழுத்துக் கெடையாது. அங்கனதான் ஆழமே இருக்கு."

பதினேழாவது பெயர் மீரா பீவி. இவரைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவ புருசன் உசுரோட இருக்கான்னுல்லா எழுதியிருந்துச்சு! ரெண்டு நாளு நான் சோறு திங்கல டீச்சர்."

"ரெண்டாம் அத்தியாயத்துலயே அவன எரிச்சாச்சே அக்கா?"

மீரா பீவி சற்று யோசித்தார். "எரிச்சது வேற ஆளு."

சனிக்கிழமை டீச்சர் துரைப்பாண்டியிடம் போனார். அவர் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு தொகுப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கிட்ட வாரப்பவே இம்புட்டுத்தான் டீச்சர். கதை நாப்பத்தொம்பது வாரம். எட்டு கொறையுதேன்னேன். 'ஆடித்தபசுத் திருநா யாவாரத்துல அந்த எட்டு வாரப் பொஸ்தகமும் பழைய பேப்பரோட போயிட்டுது வே, இருக்கதக் கட்டும்'ன்னாரு. எவனாச்சும் சண்டைக்கு வருவான்னு மூணு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்கதான் முதல் ஆளு."

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் கூடினார்கள். முன் பெஞ்சில் பெண்கள் ஏழு பேர். டீச்சர் நாற்பத்தொரு அத்தியாயத்தையும் பற்றி அரை மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். பிறகு தொகுப்பின் கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு மேல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. படிச்சு முடிச்சவங்க யாராவது எந்திரிச்சுச் சொல்லணும்."

'எனக்குத் தெரியாது' என்ற சொல் வாசகர் வட்டத்தில் உச்சரிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. சண்முகையா செருப்பைத் தேடினார். அண்ணாச்சி எழுந்து, நேரமின்மை காரணமாகக் கூட்டத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றார். மணி அப்போது ஐந்தே கால்; கூட்டம் ஏழு மணி வரை என்று ஏற்பாடு.

மீரா பீவி மட்டும் டீச்சரின் பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். "எரிச்சது அவனத்தான் டீச்சர். நான் பத்து அத்தியாயத்துக்கு மேல போவல."

கூட்டம் முடிந்ததும் தீர்மான நோட்டு எழுதவேண்டும். டீச்சர்மார் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கையெழுத்து அழகு என்று சொல்லி நோட்டை அவர்கள் தலையில் கட்டுவது ஊர் வழக்கம். அண்ணாச்சி சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். "பேச்சாளர் நூலை முழுமையாகப் படிக்காமல் வந்தமைக்கு இக்கூட்டம் வருந்துகிறது, எழுதிட்டியளா? மாதர் பேச்சை இத்துடன் நிறுத்தி வைப்பது எனத் தீர்மானிக்கப்படுகிறது. எழுதியாச்சா?"

"ஆச்சு அண்ணாச்சி."

நோட்டு கைமாறியது. சண்முகையா வாங்கி, முத்து முத்தான எழுத்து என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் போட்டார். பொருளாளர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே போட்டார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தை மேலும் கீழும் பார்த்து, "நடை அருமை" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

அடுத்த மாதம் கூட்டத்தில் முந்தைய தீர்மானத்தை உரக்க வாசித்தார்கள். இனி மாதாமாதம் ஒரு பெண் பேசுவார் என்றும், முதலில் பேசுபவர் மீரா பீவி என்றும், விடுபட்ட எட்டு அத்தியாயங்களைத் தலைவர் தம் சொந்த முயற்சியில் தேடிக்கொண்டு வருவார் என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. கீழே நான்கு பேரின் கையெழுத்து. படிக்காமல் போட்டுவிட்டோம் என்று சொல்ல நான்கில் ஒருவராவது எழுந்தாரா? வாசகர் வட்டமாயிற்றே, எப்படி எழுவார்? அண்ணாச்சி பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதாகக் கடைசியாக வந்த செய்தி.

நல்ல மனிதர்கள். இவர்களைப் பார்த்து நீங்கள் சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிரித்து முடித்ததும் ஒன்று மட்டும் சொல்லுங்கள். போன வாரம் ஒரு நண்பரைப் பிடித்து நிறுத்தி, கட்டாயம் படிக்க வேண்டும் என்று ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னீர்களே, அதன் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

அலமாரிப் பக்கம் ஏன் பார்க்கிறீர்கள்?