அத்தை படித்த வம்சச் சண்டை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு சண்டைக் கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், யாருக்கும் காயம் படாது.

மாடி அறையில் எழுத்தாளன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் தொடர்கதை வந்த வாரப் பத்திரிகையை அத்தை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"அண்ணனும் தம்பியும் கோட்டைக்கு அடிச்சுக்கறாங்க. நடுவுல பொறந்தவ ரெண்டு பேரையும் வேட்டைக்கு அனுப்பிட்டு, கோட்டைப் பூட்டை மாத்திடறா. இந்த ராணி நான்தானே?"

எல்லோரும் குடியிருந்த, தாத்தா விட்டுப்போன அந்த வீட்டுக்காக அத்தையின் அண்ணனான பெரியப்பாவும் தம்பியான சித்தப்பாவும் மாதக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

"ஐயோ அத்தை, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி நடந்த வம்சச் சண்டை இது. பேரை மாத்தி, ஒரு டிராகனைப் பறக்கவிட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப ராணிக்கு எதுக்குடா மூக்குக்கண்ணாடி?"

எழுத்தாளனின் பார்வை அத்தையின் மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

"மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணிடு."

வாடகையில்லாமல் எழுத அவனுக்கு உலகத்தில் வேறு அறை ஏது? அடுத்த வாரத் தொடரிலேயே ராணியின் கண்ணாடியைக் கழற்றினான். ராணி படியில் தடுக்கி விழுந்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியலைங்கறியா?"

அதற்கடுத்த வாரம், ஒரு சாபத்தைப் போட்டு ராணியையே டிராகனாக்கிவிட்டான்.

"வாயைத் திறந்தா நெருப்பு. இப்பத்தான் பொருத்தமா வந்திருக்கு" என்றார் பெரியப்பா. பேசாதிருந்த சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

"மாசக் கடைசியெல்லாம் வேணாம். இந்த வாரமே கிளம்பு" என்றாள் அத்தை.

கடைசியில், தான் கதையை எடுத்த அந்தத் தடித்த சரித்திரப் புத்தகத்தையே கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். அத்தை தலை நிமிராமல் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"இதெல்லாம் நிஜமா நடந்ததாடா?"

"டிராகனும் கண்ணாடியும்தான் அத்தை என்னுது."

"அந்தப் பூட்டு?"

"அது நடந்ததுதான்."

"சரி, போய் எழுது."

மறுநாள் காலையில் அத்தை தன் கையால் சாப்பாடு கட்டிக் கொடுத்து, அண்ணனையும் தம்பியையும் ஏரிக்கு மீன் பிடிக்க அனுப்பிவைத்தாள். இருவரும் ஒரே தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்த்த எழுத்தாளனுக்கு நெஞ்சு நிறைந்தது. தன் கதை ஒரு குடும்பத்தையே சேர்த்துவைத்துவிட்டதே என்று துள்ளிக்கொண்டு கீழே இறங்கினான்.

வாசற்கதவருகே பூட்டுக்காரர் மண்டியிட்டுப் புதுப் பூட்டின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாவி ரெண்டுதான், தம்பி. ஒண்ணு ராணியம்மாவுக்கு. இன்னொண்ணு, புத்தகம் கொடுத்த மந்திரிக்காம். அது நீங்கதானே?"

உங்கள் வீட்டு வாசற்கதவுக்கு, வீட்டிலிருக்கும் அத்தனை பேரிடமும் ஒரு சாவி இருக்கட்டும், என் செல்லங்களே.