பென்சில் குறி போட்ட இடத்தில்

அந்தச் சுற்றுலா கம்பெனியைக் கடிதம் எழுதியே கதறவைப்பது என்று முடிவு செய்தேன். அடிதடியில் எனக்கு நம்பிக்கை இல்லை. உடம்பும் இடம் கொடுக்காது. ஆனால் கடிதம் என்று வந்துவிட்டால் நான் வேறு ஆள். இருபத்தாறு வருஷம் நில அளவை அலுவலகத்தில் குப்பை கொட்டி, பிரிவு சூப்பரிண்டெண்டாக உட்கார்ந்திருப்பவன். என் கடிதத்தைப் படித்த கையோடு இரத்த அழுத்த மாத்திரையைத் தேடிய ஒப்பந்தக்காரர்கள் உண்டு.

விஷயம் இதுதான். கடற்கரையில் ஐந்து நாள். நானும் மனைவியும். போக வர சொகுசு பஸ், ஜன்னலைத் திறந்தால் அலை. முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது தொற்று வந்து உலகத்தையே வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டது. சரி, கிருமியோடு மல்லுக்கட்ட முடியாது. கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. பணம் வேண்டுமா, வேறு தேதி வேண்டுமா, ஒன்றில் டிக் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். அதுவும் சரி. ஆனால் படிவத்தின் தலைப்பில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? "பயணத்தை ரத்து செய்யும் வாடிக்கையாளரின் விண்ணப்பம்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியா அநியாயத்தை! நான் ரத்து பண்றேனாம். நான் விண்ணப்பம் போடணுமாம்!"

"தலைப்புல என்னங்க இருக்கு? கீழ ஒரு டிக் போட்டா பணம் வந்துடும்."

"டிக் போட்டா, தப்பு என்மேலன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"அப்போ வேற தேதி கேளுங்க. கடல் எங்கயும் ஓடிப் போயிடாது."

"அந்தக் கம்பெனி பஸ்ல இனிமே என் கால் படாது. இது சத்தியம்!"

"உங்க கால் சரி. என் கால்?"

கொள்கைக்காகப் போராடுகிறவன் யார் கால், எத்தனை கால் என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போனில் பேசலாமே என்பீர்கள். பேசினேன். நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் கேட்டேன். நடுநடுவே ஒரு தேன்குரல், என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. அப்படி முக்கியமாக இருந்தால் எடுத்துப் பேச வேண்டியதுதானே? அத்தோடு போனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். எழுத்தில் இருப்பதுதான் ஆதாரம்.

ஆனால் கடிதம் எழுத ஆள் வேண்டுமே. அலுவலகத்தில் எனக்குக் கீழே ஐந்து பேர். ஊரடங்கில் ஐந்து பேரும் அவரவர் வீட்டில். எனக்குக் கீழே மிச்சமிருந்தது நாற்காலி மட்டும். ஆகவே சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கோப்பு, முத்திரை மை, குண்டூசி டப்பா எல்லாம் வைத்து, மனைவியைக் குமாஸ்தாவாக நியமித்தேன். சம்பளம் கிடையாது. நிரந்தரப் பணி.

வேலைமுறையை முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். நான் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன்.

"படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"படிக்கிறது குமாஸ்தா வேலை. சூப்பரிண்டெண்ட் படிச்சா, கீழ இருக்கிறவங்கமேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். இருபத்தாறு வருஷத்துல நான் எந்தக் காகிதத்தையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டதில்ல."

"அப்படிங்களா" என்றாள். மிகவும் பணிவாகத்தான் சொன்னாள். நானும் பூரித்துப்போனேன்.

கடிதங்கள் பறந்தன. தபாலில் சேர்ப்பதும், வருகிற தபாலை வாங்கி வைப்பதும் அவள் பொறுப்பு. வெளியே போனால் கிருமி இருக்கிறது, அதனால் நான் போகக்கூடாது என்று நானே முடிவு செய்திருந்தேன். அவள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் காய்கறிப் பையும் இன்னொரு கையில் என் கடிதமுமாகப் படி இறங்குவாள். எதிர்வீட்டு கணக்கு டீச்சர் தன் வீட்டு வாசலில் நின்றபடி கேட்பார்.

"சார், இது எத்தனாவது?"

"பதினாறு!"

"பதில் எத்தனை சார்?"

"பூஜ்யம்!"

"பதினாறை பூஜ்யத்தால வகுக்க முடியாது சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். தனியாக இருப்பவர், பேச்சுத்துணைக்குக் கேட்கிறார் என்று நானும் பெருந்தன்மையாக விட்டுவிடுவேன்.

பதில் வரவில்லை என்பதுதான் என் நெஞ்சை அறுத்தது. திமிர்! ஒரு மனிதன் பதினாறு கடிதம் எழுதுகிறான், ஒரு வரி எழுதக் கை வரவில்லையே! பதினேழும் பதினெட்டும் சூடாகப் போயின. பத்தொன்பதாவதில் நான் என்னையே மிஞ்சினேன்.

"எழுது. 'தங்கள் நிறுவனத்தினுடைய தோலின் தடிமனை அளக்க எங்கள் அலுவலகத்தின் நில அளவைச் சங்கிலியே போதாது.'"

அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"சங்கிலி நல்லா இருக்குங்க."

"இருக்குல்ல?"

"சங்கிலியை அப்படியே வச்சுக்கறேன்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷ இல்வாழ்க்கையில் அவள் என் எழுத்தைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பிரதியில் பெருக்கல் குறியைத் தேடிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினாலு மாதம், முப்பத்தொரு கடிதம். உலகம் மெல்லக் கதவைத் திறந்தது. நான் இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பெனியின் அலுவலகத்துக்கே படையெடுத்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளி, பெயரைச் சொல்லி, "உங்க மேனேஜர் எங்க?" என்று ஒரு அதட்டு அதட்டினேன்.

மேனேஜர் ஓடி வந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். வந்தவர் இரண்டு கையையும் குவித்தார்.

"சார், நீங்களா! உக்காருங்க சார். எல்லாரும் இங்க வாங்க, சார் வந்திருக்காரு!"

சுற்றி ஆறு பேர் வந்து நின்றார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் சார். முதல் பதினாறு கடிதம் படிச்சப்போ உங்களை ஒரு மாதிரியா நினைச்சுட்டோம். பதினேழாவது வந்ததும்தான் தெரிஞ்சுது, நீங்க எவ்வளவு தங்கமான மனுஷன்னு. அந்தக் கஷ்டகாலத்துல எங்களுக்கு ஆறுதலா எழுதின ஒரே வாடிக்கையாளர் நீங்கதான் சார்."

அவர் கை காட்டிய சுவரைப் பார்த்தேன். சட்டம் போட்டு ஒரு கடிதம் மாட்டியிருந்தது. "தங்கள் நிறுவனத்தினுடைய பெருந்தன்மையை அளக்க எங்கள் அலுவலகத்தின் நில அளவைச் சங்கிலியே போதாது." கீழே ஏழு வளைவு, மூன்று புள்ளியோடு என் கையெழுத்து. அதை எவனாலும் போலியாகப் போட முடியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்தான். பக்கத்தில் பென்சில் குறியை அழித்த தடம்கூடத் தெரிந்தது.

"பதினேழாவது... அதைக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

காட்டினார். பயணத்தை வேறு தேதிக்கு மாற்ற நான் மனமாரச் சம்மதிக்கிறேனாம். ஒரு கொள்கை காரணமாக என்னால் வர இயலாதாம். எனக்குப் பதிலாக என் மனைவியோடு எதிர்வீட்டு கணக்கு டீச்சர் வருவாராம்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு பஸ் சார். உங்க கடிதங்களுக்காகவே மாடியில கடலைப் பாத்த அறையா கொடுத்திருக்கோம். விவரமெல்லாம் அம்மாவோட போனுக்கு அனுப்பியாச்சு."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. படுக்கை மேல் பெட்டி திறந்திருந்தது. அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"மோசடி!" என்று கத்தினேன்.

"எதுங்க மோசடி? நான் குறி போட்டேன். கையெழுத்து நீங்க போட்டீங்க. படிக்காதீங்கன்னு நானா சொன்னேன்?"

"கம்பெனி தப்பை ஒத்துக்கவே இல்லையே! எதுக்காக நான் பதினாலு மாசம் தொண்டை கிழிய..."

அவள் அலமாரி இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கம்பெனியின் பதில். ரத்து செய்தது நாங்கள்தான், படிவத்தின் தலைப்பு தவறு, வருந்துகிறோம், மாற்றிவிட்டோம் என்று முத்திரையோடு இருந்தது. தேதி போன வருஷத்தது.

"இதை ஏன்டி காட்டல?"

"காட்டியிருந்தா உங்க சண்டை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அப்புறம் ஊரடங்கு முடியற வரைக்கும் சமையலறையில வந்து நின்னு உப்பு போதுமா, தீ ஜாஸ்தியான்னு என்னை மேற்பார்வை பாத்திருப்பீங்க."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்போ நான்? நான் வரக்கூடாதா?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பதினாறு தடவை கேட்டேங்க. ஒவ்வொரு கடிதம் எழுதறப்பவும், தேதி மாத்திக்கலாமான்னு கேட்டேன். பதினாறு தடவையும் கால் படாதுன்னு சத்தியம் பண்ணீங்க. கல்யாணமாகி நான் பாத்த பெரிய தண்ணி, மொட்டைமாடித் தொட்டிதாங்க. நீங்க தலைப்பைப் பாத்தீங்க. நான் கடலைப் பாக்கணும்னு ஆசைப்பட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வெளியே காட்ட முடியாமல் மேசையில் ஓங்கிக் குத்தினேன். குண்டூசி டப்பா கவிழ்ந்தது. நானே பொறுக்கினேன்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இனிமே இந்த வீட்டுல எந்தக் காகிதமா இருந்தாலும், முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்காம கையெழுத்துப் போட மாட்டேன்!"

"ரொம்ப நல்லதுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்தேன். காலை ஐந்தரைக்குப் பால் வாங்க வேண்டும். இரண்டு வீட்டுச் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். டீச்சர் வீட்டுப் பூனைக்கு வேளாவேளைக்குச் சோறு வைக்க வேண்டும், அது முறைத்தால் திருப்பி முறைக்கக் கூடாது. பாத்திரத்தை அன்றன்றே கழுவ வேண்டும். துணியை நிழலில் காயப்போட வேண்டும். மேற்கண்டவற்றுக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன். கீழே பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

இந்தத் தடவை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.