ஒரு நாள் முழுக்க ஒரு கேன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். வாரம் மூன்று நாள் அந்த ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்கிற உன்னிடம் நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். “அண்ணா, உங்க கிட்னி எனக்கு வேண்டாம். இன்னொரு தடவை சொன்னா போனை வச்சிடுவேன்” என்றாயே, அந்த எண்ணத்தை அன்றே விட்டுவிட்டேன். இப்போது செய்துகொள்ளும் சோதனை, பாடம் நடத்திய பழக்கத்தில் வந்த வெறும் ஆர்வம்.

ஆய்வகத்தில் ஒரு வெள்ளைக் கேன் தந்தார்கள். இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர் ஒரு சொட்டு விடாமல் அதில் சேர வேண்டும். முதல் நாள் மாலைவரை ஒழுங்காகச் சேர்த்தேன், அப்புறம் நூலகத்துக்குப் போனேன், அங்கே பழக்க தோஷம், வீடு திரும்பும்போதுதான் கேன் ஞாபகம் வந்தது, ஆகவே மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் நாள் கேனும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தேன், இதமான வெயில், உடம்புக்குள் ரத்தம் மெல்லச் சுற்றி வருவது காதில் கேட்பதுபோல ஒரு மயக்கம், உள்ளே உன் அண்ணி பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தாள். அவள் வழிதான் உனக்குத் தெரியுமே, வேண்டாததைத் தேடிப் பொறுக்கி எடுக்க மாட்டாள், எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவாள். சிறுநீரகமும் அதைத்தானே செய்கிறது! லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் ஒரு நாளில் நூற்றெண்பது லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து இறக்குகின்றன, ரத்த அணுக்கள் மட்டும் இறங்காமல் ரத்தத்தோடேயே போய்விடும், பிறகு சர்க்கரை, உப்பு, தண்ணீர் எல்லாம் தேவைக்கேற்ப உள்ளே திரும்பும், மிஞ்சிய கழிவோடு ஒன்றரை லிட்டர்தான் வெளியே. அந்த நூற்றெண்பது லிட்டரில் மிதந்து மிதந்து எங்கோ போய்க் கண் விழித்தால், கேனைக் காணோம்.

“கேன் எங்கடி?”

“அதுவா? கொட்டிக் கழுவி வெயில்ல கவுத்திருக்கேன்.”

“ஐயோ, அது இன்னைக்குச் சேர்த்தது!”

“நேத்து கெட்டுப்போச்சுன்னீங்களே, அதுன்னு நெனச்சேன். பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!”

மூன்றாம் நாள் நானும் கேனும் ஓருயிர். அண்ணி வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு வழியாகச் சேர்ந்தது.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசி. அளந்து குடிக்கச் சொன்ன தண்ணீரை அளந்தே குடி.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: ‘விட்டுவிட்டேன்’ என்றது பொய். சோதனை உனக்காகத்தான். இன்று காலை முடிவு வந்தது. தரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வருகிறோம். போனை வேண்டுமானால் வைத்துவிடு, கதவைத் திற. அண்ணி பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள்: “தம்பி, இது வேணும்கிற பக்கத்துல எடுத்து வச்சது. திருப்பி அனுப்பாதீங்க.”