தண்ணீர் கலந்த ரத்தம்

ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் அந்த ரகம் இல்லை. எனக்குப் பயமெல்லாம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் போதும், உயில் எழுத உட்கார்ந்துவிடுவேன். (எழுதி வைக்கச் சொத்து எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.)

லடாக்கில் சாலைப் பணியில் சர்வேயராகப் பதினான்கு மாதம் இருந்துவிட்டு ராஜபாளையம் திரும்பிய மூன்றாம் நாளே அம்மா என்னை லேபுக்கு அனுப்பினார். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் முடிவாகியிருந்தது. பெயர் மகேஸ்வரி, பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். இப்போதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் ஜாதகத்தோடு ரத்த ரிப்போர்ட்டையும் மாற்றிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் பத்தொன்பது என்று வந்தது.

சின்ன வயதில் அது ஒன்பதைத் தாண்டியதே இல்லை. முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம் என்று வருஷக்கணக்கில் என் வாயில் திணித்தவர் அம்மா. அவருக்கு இது பரீட்சை மார்க் மாதிரி. மகேஸ்வரியின் அப்பாவுக்கு அவரே போன் போட்டார்.

“எம் பிள்ளைக்கு ரத்தம் பத்தொம்பது. எங்க தெருவுல அம்புட்டு யாருக்கும் கெடையாது.”

நானும் பக்கத்தில் அடக்கமாகச் சிரித்தபடி நின்றேன். நட்சத்திரக் குறியைக்கூடப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மகேஸ்வரியின் சித்தப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். குடும்பத்தில் ஒருவர் மெடிக்கல் ஷாப் வைத்துவிட்டால் மற்றவர்கள் டாக்டரிடம் போவதில்லை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தவர் மறுநாள் என்னை அழைத்தார்.

“தம்பி, பத்தொம்பதெல்லாம் இருக்கக் கூடாது. ரத்தம் கெட்டியா இருக்குன்னு அர்த்தம். எங்கயாவது அடைச்சிக்கிடும். பொண்ணு காதுக்குப் போக வேண்டாம், பயந்துரும். மூணு வாரம் கழிச்சு எங்க வீட்டுலயே வச்சு இன்னொருக்கா எடுப்போம். பொறவு பேசிக்கிடலாம்.”

பொறவு என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணம் நிற்கப்போகிறது. எனக்கோ அவளை ரொம்பப் பிடித்திருந்தது. வீடியோ காலில் மற்றவர்களெல்லாம் என் வேலையைப் பற்றி விசாரித்தபோது, அங்கே மூச்சு வாங்குமா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சவரம் செய்யும்போது கீறிய இடத்தில் ரத்தம் வழிகிறதா, பாகு மாதிரி நிற்கிறதா என்று கண்ணாடியில் உற்றுப் பார்ப்பேன். கால் மரத்துப்போனால் அடைப்பு. கொட்டாவி வந்தால் அதுவும் அடைப்பு. டாக்டரிடம் போகவில்லை, அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? நான் முன்போலப் பேசாததால் மகேஸ்வரி தினமும் என்ன ஆச்சு என்று கேட்டு மெசேஜ் அனுப்புவாள். நான் ‘ம்’ என்று பதில் போடுவேன்.

கடைசி நாளில் எனக்கு ஞானம் பிறந்தது. கெட்டியாக இருந்தால் நீர்க்க வைக்க வேண்டியதுதானே? சாம்பாருக்கு அதைத்தானே செய்கிறோம்? காலையில் எழுந்து ஏழு செம்பு தண்ணீரும் இரண்டு இளநீரும் குடித்துவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

பஸ் ஒவ்வொரு விலக்கு ரோட்டிலும் நின்றது. ஒவ்வொரு வேகத்தடையையும் நான் தனித்தனியாக உணர்ந்தேன்.

பெண் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். மகேஸ்வரியின் அப்பா பால்கோவா போடுகிறவர். அன்று அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்ததும் மகேஸ்வரியின் அம்மா ஒரு செம்பு தண்ணீரை நீட்டினார். வந்த வீட்டில் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குடித்தேன். லேப்காரர் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியை எடுத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பட்டையோடு எழுந்து ஓடினேன். முதலில் திறந்தது பூஜை அறை. இரண்டாவது கதவுக்குப் பின்னால் பால் கேன்கள். மூன்றாவதுதான் நான் தேடியது.

திரும்பி வந்து, பட்டை தொங்கும் கையை நீட்டியபடி உட்கார்ந்தேன். காலையிலிருந்து செம்பு செம்பாகக் குடித்தான் என்று அம்மா கவலையோடு சொல்லி வைத்தார். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“தாகம் சாஸ்தியா இருக்கோ? அப்ப சுகரும் இருக்கும்.”

இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ரத்தத்தை நீர்க்க வைக்கத்தான் குடித்தேன் என்றேன். மகேஸ்வரியின் அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“மாப்ள, நான் நாப்பது வருசமா பால் வாங்குதேன். எங்கிட்டயே தண்ணி கலக்கப் பாத்தீகளா?”

வாசலில் நின்ற மகேஸ்வரி உள்ளே வந்து சித்தப்பா கையிலிருந்த பழைய ரிப்போர்ட்டை வாங்கினாள். எண்ணைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். ஊருக்கு வந்த எத்தனையாவது நாள் எடுத்தது என்று கேட்டாள். மூன்றாம் நாள் என்றேன். பிறகு வகுப்பு ஆரம்பமானது. உயரமான இடத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அதை முதலில் கண்டுபிடிப்பது சிறுநீரகம். எலும்பு மஜ்ஜைக்கு அது தகவல் அனுப்பும். மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்து தள்ளும். பதினான்கு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவனுக்குப் பத்தொன்பது இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

“இது நோயில்ல சித்தப்பா. அவிய ஒடம்பு அங்க பொழைக்கதுக்குப் பாத்த வேல. கீழ வந்தா கொஞ்ச நாள்ல தானா எறங்கிரும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ‘ம்’னு போட்டுக்கிட்டு இருந்தீகளே.”

எனக்குத் தலை நிமிரவில்லை. ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை.

மாலையில் முடிவு வந்தது. பதினாறே முக்கால். கல்யாணம் நிலைத்த சந்தோஷத்தில், தண்ணீர் வேலை செய்துவிட்டது என்று வாயை விட்டேன்.

“அந்தத் தண்ணி ஊசி போடுததுக்கு முன்னாடியே போயிருச்சு” என்றாள் மகேஸ்வரி. “இது மூணு வாரம் வீட்டுல கெடந்ததுக்கு.”

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நான் மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், வாங்க என்று சொல்வதற்கும் முன்பாக, யாராவது ஒருவர் போய் பாத்ரூம் லைட்டைப் போட்டு வைக்கிறார்கள். வேண்டாம் மாமா, தேவையில்லை என்று ஒவ்வொரு முறையும் விறைப்பாகச் சொல்லிவிட்டு உட்காருவேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது போய்விட்டும் வருவேன்.