ஓம் ஓம் என்று ஓடிய பாட்டு

மனைவியிடம் பொய் சொல்லாத கணவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் சொன்ன பொய்யைக் கிற்றார் இசையோடு கனடா முழுக்க ஒலிபரப்பியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது ஒஷாவாவில் கார் உதிரிப்பாகக் கிடங்கொன்றில் வேலை செய்தேன். என்னோடு பெட்டி அடுக்கிய கென் என்ற வெள்ளைக்காரர் கௌபாய் தொப்பியைக் கழற்றி ஒருவரும் பார்த்ததில்லை. இடைவேளையில் நான் வெறும் பெட்டியில் தாளம் தட்டுவதைக் கேட்டவர், "ஒரு கன்ட்ரி மியூசிக் பாட்டு றெக்கோர்ட் பண்ணப் போகிறேன், நீயும் வா" என்றார்.

கன்ட்ரி என்றால் நாடு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "எந்த நாடு?" என்று கேட்டேன். அவர் சிரித்து முதுகில் தட்டினார். என் நாட்டைத்தான் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன். (சின்ன வயதில் ஆறு மாதம் மிருதங்கம் பழகியவனுக்கு இந்த மரியாதைகூடக் கிடைக்காதா என்ன.)

சிக்கல் என்னவென்றால், அதே சனிக்கிழமை என் மனைவி சாந்தியின் தம்பி குகனுக்கு கார் லைசென்ஸுக்கான றோட் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவன். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வது என் பொறுப்பு.

"டெஸ்ட் ரெண்டு மணிக்கு. அதுக்கு முன்னம் செய்துபோடுங்கோ, என்ன?" என்று சாந்தி படித்துப் படித்துச் சொன்னாள்.

ஒஷாவா கிழக்கே, கோயில் மேற்கே. ஒரு மணித்தியாலத்தில் பாட்டை முடித்துவிட்டு ஓடலாம் என்று மிருதங்கத்தைக் காரில் ஏற்றினேன்.

ஸ்ரூடியோ ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தது. உள்ளே நாலு கௌபாய் தொப்பிகள். கன்ட்ரி என்பது அவர்களுடைய கிராமியப் பாட்டு என்று அங்கேதான் விளங்கியது. பாட்டு ஒரு மனிதனைப் பற்றியது. அவனுடைய மனைவி, நாய், ட்ரக் மூன்றும் அவனை விட்டுப் போய்விடுகின்றன. மூன்றில் எதற்காக அதிகம் அழுகிறான் என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண், "இன்னும் கொஞ்சம் தனிமையாக வாசியுங்கள்" என்றார். மிருதங்கத்தை எப்படித் தனிமையாக வாசிப்பது? முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு முதலில் வாசித்ததையே திரும்ப வாசித்தேன். அருமை என்றார்.

ஒன்றரைக்கு சாந்தி போனில் வந்தாள். நான் இன்னும் மைக் முன்னால்தான் இருந்தேன்.

"ஓம், ஓம், கோயிலிலதான் நிக்கிறன்," என்றேன். "ஐயர் இன்னும் தீபம் காட்டேல்லை."

மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. போகும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வந்துபோனதற்கான பதிவு என்று நினைத்துப் போட்டுக்கொடுத்தேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர மூன்று மணி. அதற்குள் குகன் பின்பக்கமாகக் காரை எடுத்து, நடைபாதையில் ஏற்றி, மூன்றாவது தடவையும் தோற்றிருந்தான். "அத்தான் அர்ச்சனையெல்லாம் செய்தும் உனக்குக் கார் ஓடத் தெரியேல்லையே," என்று சாந்தி இரண்டு நாள் அவனைத் திட்டினாள். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து கென் பாட்டைப் போட்டுக் காட்டினார். மிருதங்கத்தை ஓரிடத்திலும் காணவில்லை. பதிலாக, ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு என் குரல், எதிரொலியோடு: ஓம், ஓம், கோயிலிலதான் நிக்கிறன், ஐயர் இன்னும் தீபம் காட்டேல்லை. நான் கையெழுத்துப் போட்ட தாள் இதற்கான அனுமதியாம்.

"உன்னுடைய மந்திரம்தான் பாட்டையே தூக்கி நிறுத்துகிறது," என்றார் கென். "அர்த்தம் என்ன?"

எங்கள் ஊரில் ஓம் என்றால் வெறும் 'ஆமாம்' என்ற உண்மையை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "பிரார்த்தனை. சரியான பழசு," என்றேன்.

கென் தொப்பியைக் கழற்றினார்.

பாட்டு ஓடத் தொடங்கியது. ட்ரக் சாரதிகள் அதைக் கேட்டு அழுவதாகச் சொன்னார்கள். நான் யாருக்காகச் சந்தோசப்படுவது, எதற்காகப் பயப்படுவது என்று தெரியாமல் பெட்டி அடுக்கினேன். எங்கள் வீட்டில் தமிழ் வானொலி மட்டும்தான் என்பதால் சாந்தியின் காதுக்கு எதுவும் எட்டவில்லை. ஆனால் கென் வீட்டுக்கே போன் எடுத்து, நான் அவருடைய பாட்டில் இருப்பதைச் சாந்தியிடம் சொல்லி, கோடைச் சந்தையில் நடக்கும் கச்சேரிக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார்.

"உங்கட மிருதங்கத்துக்கு வெள்ளைக்காரர் மரியாதை செய்யினம். போகாமல் இருக்கலாமோ?" என்று சாந்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். குகனும் காரில் ஏறினான்.

அங்கே நூற்றுக்கணக்கான தொப்பிகள். முதல் சரணம் முடிந்ததும் அத்தனை பேரும் கைகூப்பி, கண்மூடி, ஒரே குரலில் என் பொய்யைப் பாடினார்கள். ஐயர் இன்னும் தீபம் காட்டேல்லை என்பதைக்கூட விடவில்லை. உச்சரிப்பு மோசம்தான். ஆனாலும் சாந்திக்கு விளங்கிவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பாட்டு முடிய, வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து என் கையைப் பிடித்தார். கணவர் இறந்த பிறகு தினமும் காலையில் இதைத்தான் கேட்கிறாராம். பிறகு சாந்தியிடம் திரும்பி, "அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம், அம்மா?" என்றார்.

சாந்தி என்னைப் பார்த்தாள், அவருடைய ஈரக் கண்களைப் பார்த்தாள்.

"நான் உன்னுடைய வாசலில் நிற்கிறேன், வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம்," என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த வரிகளுக்கு உண்மையாகவே அதுதான் அர்த்தமோ என்று எனக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது.

வீடு திரும்பும் வழியில் அஜின்கோர்ட் சந்தியின் சிவப்பு விளக்கில் நின்றபோது சாந்தி கேட்டாள்: "ஐயர் இப்பவாவது தீபம் காட்டிட்டாரோ?"

பின்சீற்றிலிருந்து குகன் மெல்ல, "அப்ப நான் பிழை விடேல்லை, அக்கா. அர்ச்சனை நடக்கேல்லை," என்றான். அவன் குரலில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எவருடைய தோல்விக்கும் நானே பொறுப்பு. சோறு குழைந்தால், பஸ் தவறினால், உறவுக்காரப் பிள்ளைக்கு விசா மறுக்கப்பட்டால், "அண்டைக்கு அத்தான் ஒஷாவாவில நிண்டிருப்பார்" என்பார்கள். போன மாசி மாதம் வீட்டு வாசல் பனியில் வழுக்கி, முழங்கால் பிசகி, நான் மல்லாந்து கிடந்தேன். சாந்தி ஓடி வந்தாள். கைகொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று, "உங்களுக்கு அர்ச்சனை செய்ய ஆரை அனுப்பினனீங்கள்?" என்று கேட்டாள்.