ரத்தம் கக்கிய துரோகி எலுமிச்சை

அந்த டிசம்பரில் சந்தியாகோ நகரில் எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை. மீன் பொரித்து விற்பவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். ஊரில் காய்த்ததெல்லாம் பேஸ்பால் மைதானத்துக்குப் பின்னால், தோன் பிரிமித்திவோவின் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. எங்கள் பேஸ்பால் அணியின் பச்சைச் சட்டை போட்ட ரசிகர்கள் விடிந்ததும் விடியாததுமாக வரிசை கட்டினார்கள். வக்கீல் நின்றார், வண்டி ஓட்டுபவர் நின்றார், பாதிரியாரின் தம்பியும் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். தடுப்பூசி போடக் கூப்பிட்டபோது ஓடி ஒளிந்த அதே கூட்டம்தான்!

எல்லாம் யெர்வின் பனியாகுவாவால் வந்த வினை. எங்கள் 'சேவல்கள்' அணியின் முதல் மட்டை அவன். பிறந்த பிள்ளைகளுக்கு அவன் பெயரை வைத்தோம். அவன் மீசை வளர்த்தால் ஊரே மீசை வளர்த்தது. அப்படிப்பட்டவன் இந்தப் பருவத்தில் தலைநகரின் 'சுறாக்கள்' அணியில் போய்ச் சேர்ந்துவிட்டான். சுறாக்கள்! வேறு எந்த அணிக்குப் போயிருந்தாலும் அழுதுவிட்டு விட்டிருப்போம்.

முதலில் அவன் பெயர் போட்ட சட்டைகளைக் கொளுத்தினார்கள். தம் சட்டை தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையைக் கொளுத்தினார்கள். அதுவும் தீர்ந்தபோது, "நெருப்பு துரோகியைச் சுடாது, பிள்ளைகளே. ரத்தம் எடுக்க வேண்டும்" என்று அருள்வாக்குச் சொன்னார் தோன் பிரிமித்திவோ. அதுவரை முதுகுவலிக்கு எண்ணெய் விற்றவர் அவர்.

முறை எளிது. யெர்வின் பெயரைத் தாளில் எழுதி எலுமிச்சம்பழத்தில் சுற்றித் தர வேண்டும். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, கறுத்த பிடி போட்ட கத்தியால் அறுப்பார். பழத்திலிருந்து சிவப்பாக ரத்தம் சொட்டும்! கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும். காணிக்கை வைத்துவிட்டு, பச்சை நாடா கட்டிய அரைப்பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ஆட்டத்தன்று தொலைக்காட்சிக்குப் பின்னால் வைக்க வேண்டும். அவன் மட்டை கட்டுப்பட்டுவிடும்.

கட்டுப்பட்டது! தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் யெர்வினால் ஒரு பந்தைக்கூட அடிக்க முடியவில்லை. ஊர் கூத்தாடியது. நான்காவது ஆட்டத்தில் பந்தை வாகன நிறுத்தத்துக்கே அனுப்பிவிட்டான். பிரிமித்திவோ அசரவில்லை.

"அவனைப் பெத்தவ இந்த ஊர்லதானே இருக்கா? அவ செய்யற செபம் என் கட்டை அவுத்துவிடுது. அவ தலைமுடி ஒரு கொத்து வேணும்."

அன்று இரவே தோன்யா ஒனேலியாவின் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. யெர்வினின் தாய், ஊரே மரியாதையாக 'தோன்யா' என்று அழைப்பவர், கணவனை இழந்தவர். மகன் தலைநகருக்குக் கூப்பிட்டும் போகாமல் எங்கள் தெருவிலேயே இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை முற்றத்துக்கு அழைத்து வந்தார்கள். அழைத்து என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டு பேர் கையைப் பிடித்திருந்தார்கள்.

"நானும் சேவல்தான்யா!" என்று அந்த அம்மா விம்மினார். "என் புருஷன பச்சைக் கொடி போத்தித்தான் புதைச்சோம். எம்மவன் நமக்கு எதிரா ஆடறப்போ நம்ம பக்கந்தான் கத்தறேன். அப்புறம் உள்ள போய் அழுவறேன். இன்னும் என்னய்யா வேணும் உங்களுக்கு?"

சிலர் தலை குனிந்தார்கள். ஆனால் கத்தரிக்கோல் குனியவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல். நூரிஸ் தவாரெஸ். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். ஆட்டம் பார்க்கும்போது அவர் போடும் விசிலுக்கு எதிரணி வீரனே காதைப் பொத்திக்கொள்வான். "முடி வெட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பழம் வெட்டுங்க தோன் பிரிமித்திவோ."

தாள் சுற்றிய பழத்தை நீட்டினார். பிரிமித்திவோ வாங்கினார், முணுமுணுத்தார், அறுத்தார். ரத்தம் கொட்டியது.

"துரோகி! துரோகி!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

"தாளைப் பிரிச்சு சத்தமாப் படிங்க வக்கீலய்யா" என்றார் டீச்சர்.

வக்கீல் பிரித்தார். தொண்டையைச் செருமினார். "சேயோ அல்மோந்தே."

சேயோ எங்கள் அணியின் பந்து பிடிப்பவன். முழங்கால் தேய்ந்தும் வேறு அணிக்குப் போக மாட்டேன் என்று நிற்கிற தங்கம். இப்போதாவது இவர்களுக்கு உறைக்கும் என்றுதான் நினைத்தேன்.

"அடப்பாவி, சேயோவும் ஓடப் போறானா?" என்றான் ஒருவன்.

"எனக்கு அப்பவே சந்தேகம். போன வாரம் அவன் சிரிச்ச சிரிப்பே சரியில்ல" என்றான் இன்னொருவன்.

டீச்சர் தம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட மண்டுகளா! பையிலிருக்கற என் கத்தியால வெட்டறேன், பாருங்க." யெர்வின் பெயர் எழுதிய தாள் சுற்றிய பழம் ஒன்றைக் கூட்டத்தின் கையிலிருந்தே வாங்கி வெட்டினார். வழக்கமான புளிப்புச் சாறு வந்தது. அடுத்து, பிரிமித்திவோ தடுப்பதற்குள் கறுத்த பிடிக் கத்தியைப் பிடுங்கினார். தாளும் இல்லை, பெயரும் இல்லை, மந்திரமும் இல்லை. வெறும் பழத்தை அறுத்தார். ரத்தம்!

"இது யாரோட ரத்தம்? எலுமிச்சையோட அப்பன் ரத்தமா? செம்பருத்திச் சாறு! கத்தியில தேய்ச்சுக் காய வெச்சிருக்காரு. புளிப்பு பட்டா செவக்கும். என் வகுப்புல வருஷா வருஷம் செஞ்சு காட்டறேன். உங்கள்ல பாதிப் பேர் கடைசி பெஞ்சுல தூங்கினீங்க!"

"அப்ப அவன் மூணு ஆட்டம் அவுட்டானது?" என்று விடாமல் கேட்டான், சேயோவை முதலில் சந்தேகப்பட்டவன்.

"எப்பேர்ப்பட்ட சூரனும் பத்துக்கு ஏழு தடவை அவுட்டாகறவன்தான்டா. நம்ம கூட இருந்தப்பவும் ஆனான். அப்ப எவன் எலுமிச்சை வெட்டினான்?"

இதற்குள் பிரிமித்திவோ தம் பையை அணைத்துக்கொண்டு பின்சுவர் பக்கம் நழுவினார். வக்கீல் பையைப் பிடித்து இழுத்தார். வார் அறுந்தது. உள்ளேயிருந்து பச்சை நாடாச் சுருள்கள் உருண்டன. கூடவே கறுப்பு நாடாச் சுருள்கள். கறுப்பு, சுறாக்களின் நிறம். தலைநகர் முகவரியோடு துண்டுச் சீட்டுகளும் சிதறின: 'சந்தியாகோக்காரர்கள் வைத்த சூனியமா? யெர்வின் மட்டைக்குக் கட்டவிழ்ப்பு. சனிக்கிழமை தோறும்.'

இங்கே கட்டுவதும் அவர், அங்கே அவிழ்ப்பதும் அவர். யெர்வினாவது ஒரு நேரத்தில் ஒரு அணிக்குத்தான் ஆடினான்!

பிரிமித்திவோ செருப்பை விட்டுவிட்டு ஓடிய வேகத்தில் ஓட எங்கள் அணியில் ஆள் இல்லை. தோன்யா ஒனேலியாவின் கையைப் பிடித்திருந்த இருவரும் அது தங்கள் கையே இல்லை என்பதுபோல் மெல்ல விட்டார்கள். வக்கீல், ஜன்னலுக்குக் கண்ணாடி தாமே போட்டுத் தருவதாகச் சொன்னார். உடைத்தது யார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த அம்மா ஓடிப்போய் டீச்சரைக் கட்டிப்பிடித்தார். டீச்சர் அவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "உங்க மகன் மேல எனக்கும் கோவம்தான் தோன்யா. செவ்வாய்க்கிழமை இங்க ஆட வரட்டும், காது கிழியற மாதிரி விசிலடிப்பேன்."

"நல்லா அடிங்க டீச்சர். நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார் தாய்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. சாமியார் போனாலும் சந்தேகம் போகாத முகங்கள். ஒருவர் பணிவாக முன்னால் வந்தார்.

"டீச்சரம்மா, அது பொய்யின்னே வெச்சுக்குவோம். அவனை அவுட்டாக்கறதுக்கு உங்களுக்குத் தெரிஞ்ச உண்மையான வழி ஏதாச்சும்..."

"இருக்கு" என்றார் நூரிஸ் தவாரெஸ். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கியது. "நல்லாப் பந்து வீசறவன் ஒருத்தனைத் தேடுங்க. அதுக்கு மூளை வேணும். அதைத்தான் எல்லாரும் அந்தாளுக்குக் காணிக்கையாக் குடுத்துட்டீங்க. ஓடிப் போயி முதல்ல அதைத் திரும்ப வாங்கிட்டு வாங்க!"